சென்னையில் வேலை கிடைத்துவிட்டது, உங்கள் எல்லாருக்கும் நன்றி

பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர் ஆட்கள் எல்லாருக்கும்தான் இது. ஒவ்வொருவராகப் போன் செய்து சொல்ல ஆரம்பித்து, யாரிடம் சொன்னேன் யாரிடம் சொல்லவில்லை என்று பாதியிலேயே குழம்பிவிட்டது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸ், அதாவது சரக்குக்கு கஸ்டம்ஸ் அனுமதி வாங்கிக் கொடுக்கும் இடம். ஏற்றுமதி டாக்குமென்ட் வேலை.

முதல் நன்றி டிரெய்லர் ஓட்டும் அண்ணனுக்கு. ஷூ கம்பெனியில் ஆர்டர் குறைந்து எங்கள் செக்‌ஷனில் ஆள் குறைத்தபோது, சென்னைக்குப் போய் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்யலாம் என்றுதான் இருந்தேன். "இன்னாடா நீ, டெஸ்பாட்ச்ல உக்காந்து இத்தினி கன்டெய்னர் அனுப்பிகிறே, அந்தப் பேப்பருங்க போய்ச் சேர்ற எடத்துல வேல கேளேன்" என்றது அவர்தான். துறைமுகம் என்றால் மூட்டை தூக்குவதும் கிரேன் ஓட்டுவதும்தான் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸ், அந்தப் பக்கத்திலேயே தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, மண்ணடி என்று மாடிக்கு மாடி கிளியரிங் ஆபீஸ்கள். நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கப்பல் ஏறுவதற்கு முன்னால் அதன் காகிதம் இந்த மாதிரி ஒரு ஆபீஸைத் தாண்டித்தான் போகிறது, இது அண்ணன் சொல்லும்வரை என் மண்டையில் ஏறவே இல்லை.

அப்புறம் எங்கள் டெஸ்பாட்ச் இன்சார்ஜ் சார். அனுபவச் சான்றில் "பணிபுரிந்தார்" என்று ஒரு வரியோடு முடிக்காமல், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் தயாரித்தது, லோடிங்கின்போது பெட்டி எண்ணிச் சரிபார்த்தது, கன்டெய்னருக்கு இ-சீல் (எலெக்ட்ரானிக் முத்திரை) போட்டது வரை வரிவரியாக எழுதிக் கொடுத்தீர்கள். ஏறி இறங்கிய ஆபீஸில் எல்லாம் என் டிகிரியை யாரும் பார்க்கவில்லை சார், அந்த ஒரு தாளைத்தான் பார்த்தார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை ரூம் பசங்களுக்கு: வேலை கிடைக்கும்வரை வாடகை கேட்காததற்கும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு என்னையும் சேர்த்துக்கொண்டதற்கும் நன்றி. (இங்கே ஆம்பூர் பிரியாணி என்று போர்டு போட்டு விற்பதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்று நல்ல மனநிலையில் இருக்கிறேன்.) பீச் ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் வாலாஜா மாமாவுக்கும் பெரிய கடன் பட்டிருக்கிறேன். ஒரு ஆள் துறைமுகத்தில் பர்மனென்ட் வேலை, முன்பணம் கட்டினால் போதும் என்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்தபோது, "காசு வாங்கிட்டு எவனும் அங்க வேல போட முடியாது, டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு" என்று அவனைக் கடையிலிருந்தே அனுப்பிவைத்தார்.

இப்போது வேலை செய்யும் ஆபீஸில் இருக்கும் அக்காதான் என்னை இன்டர்வியூ செய்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் மேசைமேல் போட்டு, "இதுல என்ன தப்புன்னு சொல்லு" என்றார். நெட் வெயிட் கிராஸ் வெயிட்டைவிட அதிகமாக இருந்தது, இரண்டு கட்டத்து எண்ணும் இடம் மாறிப்போயிருக்கிறது. அட்டைப்பெட்டியோடு எடை போடுவதுதான் கிராஸ், அது எப்படிக் குறையும்? டெஸ்பாட்ச் ஆளுக்கு அது கண்ணை உறுத்தும். சொன்னேன், திங்கட்கிழமை வா என்றார்.

ஐஸ்கேட் என்ற கஸ்டம்ஸ் இணையதளத்தில் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிச் சரக்கு விவரப் படிவம்) ஏற்றுவது, தோல் ஷூ என்றால் கஸ்டம்ஸ் கோடு 6403, வெறும் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) மட்டும் போனால் 6406, லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர் என்ற கஸ்டம்ஸ் அனுமதி வராமல் பெட்டி கப்பல் ஏறாது என்பதெல்லாம் அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. எச் கார்டு என்ற கஸ்டம்ஸ் அடையாள அட்டைக்கு ஆபீஸிலேயே விண்ணப்பித்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு கஸ்டம்ஸ் வேலைக்கு உதவியாகப் போகலாம், கையெழுத்துப் போட முடியாது. அதற்கு பரீட்சை எழுதி ஜி கார்டு வாங்க வேண்டும், படித்துக்கொண்டிருக்கிறேன்.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு குடியாத்தம் வருகிறேன். சின்ன மாமா, செலவுக்குக் கொடுத்த பணத்தை அப்போது தந்துவிடுவேன், வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

டெஸ்பாட்ச், ஸ்டோர்ஸ் பக்கம் வேலை போனவர்கள் யாராவது இங்கே வருவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள், சான்றில் என்னென்ன எழுதி வாங்க வேண்டும் என்று சொல்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். கப்பல் கட்-ஆஃப் (பெட்டியை ஒப்படைக்கக் கடைசி நேரம்) இருக்கிற நாளில் போனை எடுக்கமாட்டேன், கோபித்துக்கொள்ளாமல் மறுநாள் கூப்பிடுங்கள்.