ரத்தம் எடுத்த நாளையும் சேர்த்துப் படியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோயின் போக்கைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே கணிக்கலாம் என்று தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆய்வகத்தில் ரத்த அணுக்களை எண்ணுவதுதான் என் வேலை. கட்டுரை சொன்ன அறிவியலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ரத்தம் எடுத்த நாளில் நோயாளியின் உடல் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறை எத்தனை பேரை அழவைக்கிறது என்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

அண்மையில் ஒரு பெண் தன் தந்தையின் அறிக்கையோடு வந்தார். வெள்ளணுக்களில் இரு வகைகளான நியூட்ரோபில் 78 சதவீதம், லிம்போசைட் 13 சதவீதம். முன்னதைப் பின்னதால் வகுத்து, ஓரத்தில் சிவப்பு மையால் 6 என்று எழுதி வட்டமிட்டிருந்தார். நான்கைத் தாண்டினால் ஆபத்து என்று எங்கோ படித்திருக்கிறார். "அப்பா இன்னும் எவ்வளவு நாள் இருப்பார்?" என்று என்னிடம் கேட்டார். முந்தைய நாள் தந்தை என்ன மருந்து சாப்பிட்டார் என்று விசாரித்தேன். கீமோதெரபியின்போது வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்றார். இந்த ஸ்டீராய்டு, ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில்களைச் சில மணி நேரத்தில் ரத்த ஓட்டத்துக்குள் இறக்கிவிடும். லிம்போசைட்டுகளை ரத்தத்திலிருந்து விலகச் செய்யும். விகிதம் உயராமல் என்ன செய்யும்? அந்த 6-இல் கட்டியின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று எந்த இயந்திரமும் பிரித்துச் சொல்லாது. மாத்திரையின் பெயரை அறிக்கையிலேயே எழுதி, மருத்துவரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன்.

இந்த விகிதத்துக்கு மதிப்பு உண்டு. 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 100 ஆய்வுகளில் இருந்த 40,559 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. விகிதம் உயர்ந்திருந்தவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு. ஆனால் இது கூட்டத்தின் கணக்கு. உயர்ந்த விகிதத்தோடு நெடுநாள் வாழ்ந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் அடக்கம். எந்த எண்ணை எல்லையாகக் கொள்வது என்பதும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது.

உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி. விஷயமும் இப்படியே. அழற்சி ஏற்பட்டால் இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் கல்லீரலைத் தூண்டும், கல்லீரல் சி.ஆர்.பி.யைக் கூட்டி, அல்புமின் என்ற இன்னொரு ரத்தப் புரதத்தைக் குறைக்கும். புற்றுநோயின் போக்கைக் கணிக்கும் திருத்தப்பட்ட கிளாஸ்கோ மதிப்பெண் இதை வைத்துத்தான் போடப்படுகிறது: சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் 1. கூடவே அல்புமின் லிட்டருக்கு 35 கிராமுக்குக் கீழே போனால் 2. ஆனால் நெஞ்சுச் சளித் தொற்றோ அண்மையில் செய்த அறுவை சிகிச்சையோகூட சி.ஆர்.பி.யை இதைவிடப் பல மடங்கு ஏற்றிவிடும். அலகையும் கவனிக்க வேண்டும். சில ஆய்வகங்கள் டெசிலிட்டர் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கில் அச்சிடுகின்றன. அதில் 1 என்றிருப்பதும் லிட்டர் கணக்கில் 10 என்றிருப்பதும் ஒன்றே. இதைப் பார்க்காமல் பயந்தவர்களும் உண்டு, பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதியாக இருந்துவிட்டவர்களும் உண்டு.

தட்டணுக்களைச் சேர்த்துக் கணக்கிடும் விகிதத்தில் இன்னொரு சிக்கல். சிலருடைய ரத்தத்தில், உறையாமலிருக்கக் குழாயில் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ.வாலேயே தட்டணுக்கள் திரண்டுகொள்ளும். இயந்திரம் குறைவாக எண்ணும். கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, காய்ச்சல், ஸ்டீராய்டு, வெள்ளணுக்களைக் கூட்டப் போடும் ஊசி ஆகிய மூன்றையும் கட்டுரையின் தொடக்கத்திலேயே குறிப்பிடுங்கள். மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பரிசோதனைக்கு அனுப்பும் சீட்டில் நோயாளி எடுக்கும் மருந்துகளை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். பெரும்பாலும் அந்த இடம் வெறுமையாகவே எங்களிடம் வருகிறது.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வக நுட்பநர் ஒருவர்