செயலாளரின் ஆண்டறிக்கை: வேலையின்மையும் கணக்கில் விடுபட்டவர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவின்படி இவ்வாண்டு சங்கத்தின் பணி இரு கிளைகளாக நடந்தது. மாதக் கூட்டங்களில் வேலையின்மை, வறுமை, அவற்றைப் போக்கப் பல நாடுகள் வகுத்த சமூகக் கொள்கைகள் ஆகியவற்றைப் படித்து விவாதித்தோம். வார இறுதிகளில், வேலையிழந்தோரும் உதவித்தொகை கோருவோரும் விண்ணப்பம் நிரப்பவும் மேல்முறையீடு எழுதவும் துணைநின்றோம். கூட்டத்தில் படித்ததற்கு உதவி மேசையில் பொருள் விளங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன்.

முதல் இரண்டு கூட்டங்கள் கணக்கெடுப்பைப் பற்றியவை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கோ இலாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்தவரும் வேலையில் இருப்பவரே. வேலையற்றவர் என்று பதிவாக வேண்டுமானால், அவர் அண்மையில் வேலை தேடியிருக்க வேண்டும். கிடைத்தால் சேரக்கூடிய நிலையிலும் இருக்க வேண்டும். பல மாதம் அலைந்து, இனிக் கிடைக்காது என்று தேடுவதையே கைவிட்டவர் இந்தக் கணக்கில் வேலையற்றவர் அல்லர். உழைப்பாளர் தொகையிலிருந்தே அவர் நீங்கிவிடுகிறார். நாடுகளை ஒப்பிட இத்தகைய பொது அளவுகோல் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேலையின்மை விகிதம் குறைந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது, குறைந்தவர்களுக்கு வேலை கிடைத்ததா, நம்பிக்கை போனதா என்று கேட்கும் பழக்கம் நமக்கு வந்திருக்கிறது.

வறுமைக் கோட்டின் நிலையும் இதுவே. உலக வங்கி கடும் வறுமைக்கான கோட்டை 2025 ஜூன் மாதத்தில் நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியபோது, புதிய விலைத் தரவுகளும் சேர்ந்து, 2022ஆம் ஆண்டுக்கான ஏழைகளின் தொகை 12 கோடிக்கும் மேல் கூடியது. அன்று ஒருவரும் புதிதாக ஏழையாகவில்லை. கோட்டுக்குச் சற்று மேலே நின்ற அத்தனை பேரும் அதுவரை கடும் வறுமையின் கணக்கில் இல்லை என்பதே அதன் பொருள்.

இவ்வாண்டின் கூட்டங்களில் மிக நீண்டது ஆஸ்திரியாவின் மரியன்தால் ஊரைப் பற்றியது. ஊருக்கே வேலை கொடுத்த நெசவாலை 1930 வாக்கில் மூடப்பட்டபின், மேரி யகோதாவும் உடன் ஆய்வாளர்களும் அங்கே தங்கி, வேலையின்மை மனிதரை என்ன செய்கிறது என்று கவனித்தார்கள். தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். செய்ய வேலையற்ற ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள், வீட்டு வேலை தீராத பெண்கள் விரைந்து நடந்தார்கள். நேரம் மிகுந்திருந்தும், கட்டணம் நீக்கப்பட்டிருந்தும், நூலகத்தில் இரவல் வாங்கிய நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வேலையற்றோர் கொதித்தெழுவார்கள் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, பெரும்பாலோர் சோர்ந்து ஒடுங்கினார்கள். உதவித்தொகைக்குக் கால வரம்பு இருந்தது. அது முடிய முடியக் குடும்பங்களின் மனநிலையும் படிப்படியாகச் சரிந்தது. வேலை தேடுவோரைச் சோம்பேறிகள் என்று எளிதாகச் சொல்லிவிடும் எவரும் இந்த ஆய்வை ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று நான் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்துக் காப்பீட்டு முறையை எடுத்துக்கொண்டோம். பிரிட்டன் 1911இல் வேலையின்மைக் காப்பீட்டைச் சட்டமாக்கியபோது, கட்டுமானம், பொறியியல், கப்பல் கட்டுதல் போன்ற சில தொழில்களுக்கு மட்டும், வாரம் 7 ஷில்லிங் வீதம், ஆண்டில் அதிகபட்சம் 15 வாரங்களுக்கு வழங்கியது. பின்னர் அது பிற தொழில்களுக்கும் விரிந்தது. ஆயினும் சந்தா கட்டியவருக்கே உரிமை என்ற அடிப்படை இன்றும் பல நாடுகளில் நிலைத்திருக்கிறது. முதல் வேலையே கிடைக்காத இளைஞர், தினக்கூலி, வீட்டு வேலை செய்பவர், சிறு வணிகம் நொடித்தவர் ஆகியோருக்கு இதில் இடமில்லை, அல்லது பெயரளவில் மட்டுமே இடமுண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அண்மைய அறிக்கையின்படி, உலகில் வேலையற்றோரில் ஆறில் ஒருவருக்கே வேலையின்மை உதவித்தொகை கிடைக்கிறது.

1834இல் இங்கிலாந்து கொண்டுவந்த ஏழையர் சட்டத்தை ஒரே கூட்டத்தில் முடித்தோம். உதவி பெறுபவரின் நிலை, மிகக் குறைந்த கூலி பெறும் உழைப்பாளியின் நிலையைவிடக் கீழாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அந்தச் சட்டம் போய்விட்டது. அந்த எண்ணம் இன்னும் பல விண்ணப்பப் படிவங்களில் குடியிருக்கிறது.

வேலை உத்தரவாதத் திட்டங்களில், இந்தியா 2005இல் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தை விரிவாகப் பார்த்தோம். ஊரகக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் 100 நாள் வேலை, கேட்ட 15 நாட்களுக்குள் தராவிட்டால் வேலையின்மைப் படி, பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்கள் என்று அது வரையறுத்தது. ஏழை யார் என்று அதிகாரி முடிவு செய்யாமல், வேலை கேட்பவரே முன்வரும் ஏற்பாடு என்பது அதன் தனிச்சிறப்பு. ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கும் திட்டங்களில் 1997இல் மெக்சிகோ தொடங்கியதையும் 2003இல் பிரேசில் தொடங்கியதையும் ஒப்பிட்டோம். பின்லாந்து 2017, 2018 ஆகிய இரு ஆண்டுகளில் வேலையற்றோர் 2,000 பேருக்கு நிபந்தனையின்றி மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தது. அவர்கள் உழைப்பைக் கைவிடவில்லை. வேலை நாட்கள் சற்றே கூடின, மன நலமும் பிறர்மீதான நம்பிக்கையும் மேம்பட்டிருந்தன.

இனி உதவி மேசை. எந்தத் திட்டத்திலும் இரு வகைப் பிழைகள் நேரலாம்: தகுதியற்றவர் உள்ளே வருவது ஒன்று, தகுதியுள்ளவர் வெளியே நிற்பது மற்றொன்று. முதல் பிழையைத் தேடத் தணிக்கை உண்டு, விசாரணை உண்டு, செய்தியும் உண்டு. இரண்டாவது பிழைக்குப் பதிவேடே இல்லை. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வந்திருந்தார்; அவர் உழைத்த தொழிற்கூடம் மூடப்பட்டு, உரிமையாளர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. படிவமோ அந்த உரிமையாளரின் கையெழுத்திட்ட பணிநீக்கச் சான்றைக் கேட்டது. மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டபின், பழைய ஊதியச் சீட்டுகளையும் உடன் வேலை பார்த்தவர்களின் உறுதிமொழிகளையும் இணைத்து மேல்முறையீடு எழுதிக் கொடுத்தோம், அது ஏற்கப்பட்டது. இடையில் கழிந்த மாதங்களை அவர் கடன் வாங்கியே கடத்தினார். மற்றொரு பெண்மணி, பகுதி நேர வேலை கிடைத்தும் தயங்கினார். அந்தச் சிறு வருமானத்தால் உதவித்தொகை முழுவதும் நின்றுவிடும், கைக்கு மிஞ்சுவது முன்பைவிடக் குறையும். அவருடைய கணக்கு சரியே. திட்டத்தை வகுத்தவர்களின் கணக்கே தவறு. வருமானம் கூடக்கூட உதவி சிறிது சிறிதாகக் குறைய வேண்டுமேயன்றி, ஒரே வெட்டில் அறுபடக் கூடாது என்பது செயற்குழுவின் ஒருமித்த கருத்து.

வரவு செலவைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். தணிக்கையாளரின் குறிப்பும் அதில் உள்ளது. குறைகளில் ஒன்றை மட்டும் நானே சொல்ல வேண்டும். மாலை நேரத்தில் கூட்டங்களை வைத்ததால், வீட்டில் குழந்தைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்ளும் பெண்கள் மிகக் குறைவாகவே வந்தார்கள். விடுபட்டவர்களைப் பற்றிப் பேசிய நாமே அவர்களை விட்டுவிட்டோம். இதற்குச் செயலாளர் என்ற முறையில் நான் பொறுப்பேற்கிறேன்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறது. கூட்டங்களைப் பகலுக்கு மாற்றுவதும், அங்கே குழந்தைகளைக் கவனிக்க இருவரை அமர்த்துவதும் முதலாவது. உதவி மேசைக்கு வருவோரில் மறுக்கப்பட்டவர்கள், பாதியில் விட்டுச் சென்றவர்கள் ஆகியோரின் காரணங்களைப் பெயரின்றித் தனிப் பதிவேட்டில் எழுதிவைப்பது இரண்டாவது. வேலையளித்தவரின் சான்று கிடைக்காதபோது மாற்று ஆவணங்களை ஏற்குமாறு உரிய துறைக்கு அந்தப் பதிவேட்டின் அடிப்படையில் மனு அளிப்பது மூன்றாவது. வார இறுதிகளைத் தந்துதவிய தன்னார்வலர்கள் அனைவருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையையும் மூன்று தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்