கழற்றிய பிஸ்டனை இனி உங்கள் கையில் தருவோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதத்தில் எங்களுக்குத் தெரியவந்த எங்கள் பட்டறையின் ஒரு தவறையும், அதற்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்ட வேலைமுறையையும் உங்களிடம் சொல்லவே இந்த மடல்.

பால் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் பெரியவர் ஒருவர் பல ஆண்டுகளாக எங்களிடம் வருகிறார். 100 சிசி வண்டி, இருபுறமும் பால் கேன். வைகாசியில் என்ஜின் ஜாம் ஆகி வந்தது. சிலிண்டருக்கு போரிங் போட்டு, அதாவது உள்சுவரைக் கடைந்து சீராக்கி, அதனுள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனும் அதைச் சுற்றிய ரிங்கும் புதிதாக மாட்டிக் கொடுத்தோம். ஆயில் குறைந்துதான் இப்படி ஆனது, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தியும் சொன்னோம். “ஒரு நாளும் ஆயில் குறையவிட்டதில்லை, தம்பி” என்றார். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 40 நாளில், கோமங்கலம் அருகே மேல்காற்றை எதிர்த்துப் போகும்போது அதே என்ஜின் மறுபடியும் பிடித்துக்கொண்டது.

இந்த முறை பிஸ்டனைத் துடைக்காமல் வெயில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். சைலன்சர் பக்கம் மேலிருந்து கீழாக நீளக் கீறல்கள். அலுமினியம் இழுபட்டு ரிங்கின் மேலேயே அப்பியிருந்தது. ரிங் அசையவில்லை. பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டரின் பக்கமோ புதிதுபோல் இருந்தது. ஆயில் இல்லாமல் பிடித்திருந்தால் இரு பக்கமும் கீறியிருக்கும், பிஸ்டனின் குறுக்கே செருகியிருக்கும் ‘பின்’ என்ற இரும்புத் தண்டும் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். இங்கே அந்தப் பின்னைக் கட்டைவிரலால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆயில் அளவும் சரியாக இருந்தது. பெரியவர் சொன்னதுதான் உண்மை. ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் முனை இளம்பழுப்பாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. பெட்ரோல் குறைந்து காற்று கூடி எரிந்திருக்கிறது.

அந்தக் காற்று எந்த வழியாக வந்தது? கார்புரேட்டரையும் ஹெட்டையும் இணைக்கும் ரப்பர் குழாயைக் கழற்றினோம். நேராகப் பிடித்தால் குறை எதுவும் தெரியவில்லை. கையால் வளைத்ததும் அடிப்புறத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. முதல் பிஸ்டனைக் கெடுத்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிஸ்டனை நாங்கள் பார்க்காமலே பழைய சாமான் பெட்டியில் போட்டுவிட்டோம்.

இவ்வளவு சிறிய வெடிப்பா என்று கேட்பீர்கள். இந்த வண்டிகளில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விடும் இடைவெளி ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டரின் உள்சுவர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். உள்ளே வரும் பெட்ரோல் ஆவியாகும்போது கொஞ்சம் குளிர்ச்சியும் தருகிறது. அது குறைந்தால் சூடு ஏறுகிறது. எரிந்த புகை வெளியேறும் பக்கம்தான் அதிகம் சுடும், அதனால் அங்கேதான் முதலில் கவ்வும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றை எதிர்த்து, சுமையோடு, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி ஓட்டினால் அந்த இடைவெளி எத்தனை நேரம் தாங்கும்?

எல்லாப் பிஸ்டனும் இப்படிக் கெடுவதில்லை. நம் பகுதியில் தென்னைநார் ஆலைத் தூசி ஏர் ஃபில்டரை அடைக்கிறது. வண்டி இழுக்கவில்லை என்று சிலர் ஃபில்டரையே கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். அப்படி வந்த பிஸ்டனில் கார்புரேட்டர் பக்கம் மங்கிய சாம்பல் நிறத்தில் தேய்ந்திருக்கும், ரிங்கின் விளிம்பு பிளேடுபோல் கூர்ந்திருக்கும். மண் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். தயவுசெய்து ஃபில்டரைக் கழற்றி ஓட்டாதீர்கள். புதியது வாங்கும் செலவு போரிங் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது.

பெரியவருக்கு இரண்டாவது வேலையை முழுவதும் எங்கள் செலவில் செய்து கொடுத்தோம். முதல் முறை வாங்கிய கூலியையும் திருப்பித் தந்தோம். எங்கள் கவனக்குறைவுக்கு அவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

இனி கழற்றும் ஒவ்வொரு பிஸ்டனையும் வண்டி எண் எழுதிய பையில் போட்டு வைப்போம். நீங்கள் வந்ததும் கையில் கொடுத்து, எங்கே கீறியிருக்கிறது, ஏன் என்று காட்டுவோம். காரணம் தெரியாமல் புதிய பிஸ்டன் மாட்ட மாட்டோம். இதனால் வேலை ஒரு நாள் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஓடும்போது என்ஜின் பிடித்துக்கொண்டால் ஆற விட்டுக் கிக்கரை மிதித்து மறுபடியும் கிளப்பாதீர்கள். ஆயிலை மாற்றாதீர்கள், பிளக்கைத் துடைக்காதீர்கள். நின்ற நிலையிலேயே ஏற்றி வாருங்கள். எங்களுக்குத் தேவையான தடயம் அதில்தான் இருக்கிறது.

கடந்த ஓர் ஆண்டில் எங்களிடம் பிஸ்டன் மாற்றியவர்கள் வண்டியைக் கொண்டுவந்தால் ரப்பர் குழாயைக் கழற்றி வளைத்துப் பார்த்துத் தருவோம். கூலி கிடையாது. புதிய புகை விதிப்படி வந்த, கார்புரேட்டர் இல்லாத பிஎஸ்6 வண்டிகளிலும் அந்த இடத்தில் குழாய் உண்டு, அவற்றையும் பார்ப்போம். காலையில் என்ஜின் சூடில்லாமல் இருக்கும்போது வந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

இப்படிக்கு,
உங்கள் பைக் பட்டறையினர்,
உடுமலைப்பேட்டை