அப்பா போன காடு

மச்சான்,

பொங்கலுக்கு நீ அனுப்பிய இரண்டு குரல் பதிவுக்கும் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அப்பாவின் முப்பத்தோராம் நாள் முடிந்ததிலிருந்து யாரோடும் பேச வாய் வரவில்லை. அம்மா சுகம். சின்னவள் சோதனை எழுதிவிட்டாள். உங்கள் வளவு மாமரம் இந்த முறை நன்றாகப் பூத்திருக்கிறது, காயை அணில்தான் தின்னப்போகிறது, நீதான் வருவதில்லையே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் நம் மட்டக்களப்புக் குடும்பிமலைக்குப் போய்விட்டு வந்தேன்.

வயல் வட்டை வரம்பில் நின்று அந்த மலையைப் பார்த்து நாம் சண்டை பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? நீ ஆமை என்பாய், நான் ஆச்சியின் கொண்டை என்பேன், நம் கூட்டாளி சுருட்டை இரண்டு பேருக்கும் அடிப்பான். வெள்ளைக்காரன் அதற்கு பரோன்ஸ் கெப் என்று பெயர் வைத்தான், சிங்களத்தில் தொப்பிகல. தொப்பியோ குடும்பியோ, பார்த்த எல்லோருக்கும் அது ஒரு தலையாகத்தான் தெரிந்திருக்கிறது, உனக்கு மட்டும்தான் ஆமை. உயரம் 534 மீற்றர்தான், உன் சுவிஸ்காரர்கள் அதை மலைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். ஆனால் சுற்றிவரத் தரைக்காடு, நடுவில் அது தனியே எழும்பி நிற்கிறது. அந்தத் தனிமைதான் அதன் உயரம் மச்சான், கிட்டப் போய் நின்றால் தெரியும்.

இவ்வளவு காலம் நான் போகாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். நம்முடைய இருபது வயதில் அந்தப் பக்கம் போனவன் என்றால் அதற்கு வேறு அர்த்தம், இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று. 2007 ஜூலையில் இராணுவம் அந்த இடத்தைப் பிடித்தபோது செய்தி முழுக்க அந்தப் பெயர்தான், நான் வானொலியை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டேன். பிறகு பாதை திறந்து, ஆட்கள் சுற்றுலா போய்ப் படம் எடுத்துப் போட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. சுருட்டையை நினைக்காமல் அந்த மலையை எப்படிப் பார்ப்பது?

ஆனால் அப்பா போனார். மாரி விதைப்புக்கு முன் மாடுகளை வயலை விட்டு அப்புறப்படுத்தி மலைப் பக்கத்து மேய்ச்சல் தரையான மயிலத்தமடு, மாதவணைக்குக் கொண்டுபோய்விட வேண்டும், வயல் வெட்டு முடிந்துதான் திரும்பும். அது ஊர் வழக்கம், மாட்டுப் பட்டி பார்க்க ஆளும் இருந்தது. அப்படியும் போவார். கார்த்திகை மழைக்கு புலிபாய்ந்தகல் பாதை மூடுண்டு தோணியில் கடக்க வேண்டி வந்தாலும் போவார், பத்துப் பதினைந்து நாள் வரமாட்டார். "மாட்டைக் கட்டியிருக்கலாமே இந்த மனிசன்" என்று அம்மா ஏசுவா. நாங்களும் பாவம், உழைக்கிறார் என்று நினைத்தோம்.

மாசி நடுவில், பட்டி பார்க்கும் மாமாவோடு உழவு இயந்திரத்தில் ஏறிப் போனேன். மாட்டுக் கணக்கு பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன், உண்மையில் வீட்டுச் சத்தத்திலிருந்து ஓடினேன். முதல் இரவு பட்டிக்காரர் தங்கும் வாடிக் குடிசையில் நித்திரை இல்லை. கை தன்பாட்டில் ஃபோனைத் தடவுகிறது, அங்கே சிக்னல் ஒரு கோடும் இல்லை. ஆட்காட்டிக் குருவி கத்தினால் நெஞ்சு திக்கென்றது. நமக்கு அமைதி என்றாலே பயம்தானே, ஊர் அடங்கிக் கிடந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். காதைக் கூராக்கிக்கொண்டே கிடந்தேன். விடியப்புறமாய் மாடுகள் அசைபோடும் சத்தமும் கழுத்து மணி இடைக்கிடை ஒலிப்பதும் மட்டும் கேட்டது, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

மறுகா விடிய மலையில் ஏறினோம். பாலை, வீரை, முதிரை மரங்களைத் தாண்டினால் வெறும் கல். மேலே காற்றைத் தவிர எதுவும் இல்லை. கிழக்கே மெல்லிய நீலக்கோடு, கடல் என்றார் மாமா. ஒரு தட்டைக் கல்லைக் காட்டினார். "கொப்பர் வந்தா இதிலதான் குந்தியிருப்பார். என்ன பார்க்கிறீங்க என்டு கேட்டா ஒண்டுமில்லடா என்பார்." நான் அதில் உட்கார்ந்து அழுதேன் மச்சான். சாவு வீட்டில் வராத அழுகை. மாமா ஒன்றும் பேசாமல் கீழே இறங்கி நின்றுகொண்டார்.

அப்பா உழைக்கப் போகவில்லை, இதற்காகத்தான் போயிருக்கிறார். எங்கள் யாரிடமும் சொல்லத் தெரியாமல் மாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு இப்போது அந்த இடம் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் பிடித்துவிட்டது. மேய்ச்சல் தரையை வெளியாட்கள் உழுது பயிரிடுவதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் நம் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் உட்கார்ந்த போராட்டம் உனக்குத் தெரியும். மாமாவின் கன்று ஒன்று வாய்வெடியை, அதுதான் தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடியை, கடித்து, தாடை போய், மூன்று நாள் நின்று செத்திருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. மாடு போக இடம் இல்லை என்றால் பட்டி இல்லை, பட்டி இல்லை என்றால் அந்தக் கல்லுக்கு நான் எந்தக் காரணம் சொல்லிப் போவேன்? அப்பாவின் மாடுகளை விற்கச் சொல்லி அண்ணன் நிற்கிறான். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நித்திரை வருவதில்லை, குளிசை போடுகிறேன் என்று போன வருடம் சொன்னாயே. அடுத்த மாசியில் வா. ஹோட்டல் எல்லாம் வேண்டாம், வாடியில் படுப்போம், பால் தேத்தண்ணியும் புட்டும் தயிரும் கிடைக்கும். டிக்கெட் போட முன்னம் எனக்குச் சொல்லு, மாமாவுக்கு அங்கே ஃபோன் எடுக்காது, பால் ஏற்ற வரும் பெடியனிடம்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

உன்
மச்சான்