வாங்க வராதவளுக்கும் வழி சொன்னவர்களுக்கு

மதுரைக் கடைவீதிகளில் உழைக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் திருவாரூர்ப் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவள். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்து, அந்தத் தொகைக்குள் ஏதாவது ஓர் ஊரின் கடைத்தெருவைச் சுற்றிப் பார்த்து வருவது என் வழக்கம். இந்த முறை மதுரை. வியாபாரம் மும்முரமாக நடக்கும்போது, இவள் வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒருத்திக்காக நேரம் ஒதுக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பது கடையில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரவு பஸ்ஸில் வந்து மாட்டுத்தாவணியில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. பக்கத்திலேயே பூ மார்க்கெட். ஈரச் சாக்குகளில் மல்லிகை மொட்டு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கமிஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த அண்ணன், நான் வேடிக்கை பார்க்க வந்தவள் என்று புரிந்தவுடன், தராசை விட்டு நகராமலேயே எனக்குப் பாடம் எடுத்தார். ஒரு மொட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து, இதழ் தடிமனாக இருப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். காம்பு நீளமாக இருப்பதால் தொடுப்பவர் விரலுக்கு வாகாக நிற்கும் என்றார். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமை, சொந்தப் பிள்ளை தேர்வில் தேறியதைச் சொல்பவரின் பெருமை. சாதாரண நாளில் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகிற பூ, முகூர்த்த நாளில் ஆயிரங்களைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட பொருளில் ஒரு கைப்பிடி அள்ளி என் துண்டில் முடிந்துகொடுத்தார். அண்ணே, அந்த மொட்டுகள் சாயங்காலம் விரிந்தபோது நான் தெற்கு மாசி வீதியில் இருந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டவுன் பஸ் நடத்துநருக்கும் நன்றி. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு தராத பயணி என்று நினைக்காமல், நான் பெரியார் நிலையம் என்று சொன்னதும் எங்கே போக வேண்டும் என்று விசாரித்து, சிம்மக்கல்லிலேயே இறங்கினால் வெங்காய மார்க்கெட் கிட்டே என்று சொல்லி, நிறுத்தம் வந்ததும் கூப்பிட்டு இறக்கிவிட்டார்.

கீழமாரட் வீதியில் என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்த சுமைதூக்கும் தொழிலாளிக்கு என்ன சொல்வது? முதுகில் மூட்டை. எதிரே ஒரு லாரி ரிவர்ஸில் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்தப் பாரத்தோடு ஒரு கையை விடுவித்து என்னை நகர்த்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். அங்கே தரையில் உட்கார்ந்து வெங்காயம் தரம் பிரிக்கும் அக்காமார்கள், எனக்கு ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொன்னார்கள். மூட்டைக் கணக்கில் விற்கும் இடத்தில் கூறு கட்டி விற்பவர்கள் யார், அந்தக் கூறில் அவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதையெல்லாம் அவர்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.

எழுகடல் தெருப் பாத்திரக் கடைப் பெரியவரை நான் அதிக நேரம் பிடித்து வைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். திருமலை நாயக்கர் தொடங்கி முடியாமல் நின்றுபோன ராய கோபுரத்தின் அடியில்தான் பித்தளையும் எவர்சில்வரும் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. கடைகளுக்கு நடுவே கோபுரம் எங்கே என்று நான் தேடியதைப் பார்த்து, கல்லாவில் பையனை உட்காரவைத்துவிட்டு எழுந்து வந்தார். அண்டா குண்டான்களுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்ற ஒரே கல்லாலான நிலைத்தூணைக் காட்டி, தாயி, கழுத்து வலிக்கும் வரைக்கும் பார் என்றார். பார்த்தேன். வாடிக்கையாளர் காத்திருந்தார். அவரையும் எங்களோடு சேர்ந்து பார்க்கச் சொன்னார்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகத் தைத்தவர்கள், அந்தப் பழைய மண்டபத்தைப் பாதுகாக்கக் கடைகளை மாற்றியதால், இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். தூண்களின் நிழலில் ஓடிய தையல் இயந்திரங்களை இனிப் பார்க்க முடியாது என்ற வருத்தம் எனக்கு உண்டு. மண்டபம் காப்பாற்றப்பட வேண்டும் என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. என் பையின் வார் அறுந்துபோய் அங்கே போனேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் போடுபவர்களுக்கு உடை தைக்கிற கை, என் பழைய பைக்கு இரட்டைத் தையல் போட்டது. கூலி பத்து ரூபாய் என்றார். சும்மா போ என்று சொல்லாமல் நியாயமான கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டதற்காக அந்த ஐயாவுக்குத் தனி நன்றி. குறைந்த காசோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கு இரக்கத்தைவிட அந்த மரியாதை பெரிது.

அதே மரியாதைதான் விளக்குத்தூண் பக்கத்துச் சுங்குடிக் கடையிலும் கிடைத்தது. துணியில் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுக்கும் சுங்குடி, சௌராஷ்டிர சமூகத்தாரின் கைவேலை. அதற்கு 2005லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. நானும் துணி விற்பவள் என்பதால், விற்பவர் எங்கே வார்த்தையை விழுங்குவார் என்று எனக்குத் தெரியும். இவர் விழுங்கவில்லை. என் கையில் இருந்த பணத்துக்கு வருவது அச்சுப் புடவைதான், முடிச்சுப் போட்டது அல்ல என்று நேராகச் சொன்னார். பிறகு கையால் முடிச்சிட்ட ஒரு புடவையைப் பிரித்து, முடிச்சு இருந்த இடம் லேசாகப் புடைத்து நிற்பதையும் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாததையும் விரலால் தடவிப் பார்க்க வைத்தார். அச்சுப் புடவையை வாங்கிக்கொண்டேன். ஏமாறாமல் வாங்கியதால் அது எனக்கு நல்ல புடவை.

அன்று மாலை மழை பிடித்தது. தெற்கு மாசி வீதி நடைபாதையில் குழந்தைகள் உடுப்பு விற்கும் குடும்பம் ஒன்று, என் கையைப் பிடித்துத் தார்ப்பாய்க்குள் இழுத்துக்கொண்டது. காற்று தூக்கியடித்ததில் தார்ப்பாயின் ஒரு முனையை நானும் பிடித்துக்கொண்டேன். இன்னொரு முனையை அந்த வீட்டுச் சிறுமி பிடித்திருந்தாள். சரக்கு நனைந்தால் அன்றைய பிழைப்பு போயிற்று. ஆனாலும் அந்த அம்மா உடுப்பு மூட்டையை நகர்த்தி எனக்கு நிற்க இடம் செய்தார். மழை விட்டதும் தள்ளுவண்டியிலிருந்து பருத்திப்பால் வாங்கி வந்து, சுக்கும் கருப்பட்டியும் மணக்க, முதல் தம்ளரை எனக்குக் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் பெண்கள் சார்பில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் கடைத்தெருவில் நடக்கிற பெண்ணுக்குச் சோற்றைவிடப் பெரிய கவலை கழிப்பறை. வளையல் கடை அக்கா ஒருவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, சந்துக்குள் இருந்த தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். தெருவில் உட்கார்ந்து விற்கும் பல பெண்கள் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்று வழியில் சொன்னார். இத்தனை கூட்டம் புழங்கும் வீதிகளில் சுத்தமான கழிப்பறைகள் நிறைய வேண்டும். அதை என்னைப் போல் வந்து போகிறவர்களுக்காக அல்ல, அங்கேயே உட்கார்ந்திருப்பவர்களுக்காகக் கேட்கிறேன்.

ஒரு ரூபாய் இட்லியையும் ஐந்து ரூபாய்ப் பொங்கலையும் சூடு ஆறாமல் தட்டில் வைத்த அம்மா உணவகத்து மகளிர் குழுப் பெண்களுக்கும், பெண் தனியாக வந்தால் அறை இல்லை என்று சொல்லாத டவுன் ஹால் ரோடு விடுதிப் பெரியவருக்கும் என் நன்றி.

தையல்கார ஐயா தன் மகனிடம் சொல்லி இதைப் படிக்கக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று தெரியவில்லை. மதுரையில் இருப்பவர்கள் யாராவது கீழமாரட் வீதிப் பக்கம் போனால், வெங்காயம் பிரிக்கும் அக்காமார்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். சாக்கு விரித்துக் கொடுத்தீர்களே, அந்தப் பெண் எழுதியது என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

நன்றியுடன்,
திருவாரூர்ப் பக்கத்துத் துணிக்கடைப் பெண்