பிளாக்ஜாக் ஆப்புக்குப் பணம் போடச் சொல்லும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்கில் ஏறியதும், "அண்ணே, இந்த ஆப்புக்கு ஒரு ஆயிரம் போட்டு விடுங்க, சீட்டாட்டம்தானே" என்று மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து தம்பிகள் சிலர் நம் கடைக்கு வருகிறார்கள். நாங்கள் போட்டுத் தருவதில்லை. கல்லாவில் கூட்டம் நிற்கும்போது காரணத்தைப் பொறுமையாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் பிளாக்ஜாக் ஆட்டம் எப்படி என்று பார்ப்போம். உங்கள் சீட்டுகளின் கூட்டல் 21-ஐத் தாண்டாமல், டீலரை (சீட்டுப் போட்டு ஆட்டத்தை நடத்துபவரை) விட அதிகமாக இருக்க வேண்டும். ஜாக்கி, ராணி, ராஜா ஒவ்வொன்றும் 10. ஏஸ், தேவைக்கேற்ப 1 அல்லது 11. உங்களுக்கு இரண்டு சீட்டு, டீலருக்கு இரண்டு. அவருடையதில் ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியும். இன்னொரு சீட்டு வாங்கலாம், போதும் என்றும் நிற்கலாம். டீலருக்கு அந்த உரிமை இல்லை, 17 வரும்வரை வாங்கியே ஆக வேண்டும்.

கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். வில்லங்கம் வரிசையில் இருக்கிறது. நீங்கள்தான் முதலில் ஆட வேண்டும். 21-ஐத் தாண்டினால் உங்கள் பணம் அப்போதே போய்விடும். பிறகு டீலரும் தாண்டினாலும் திரும்பி வராது. கையில் 16, டீலரிடம் தெரிவது 10 என்று வையுங்கள். நின்றாலும் பெரும்பாலும் தோல்வி. வாங்கினால், 13 வகைச் சீட்டில் 6 முதல் ராஜா வரை 8 வகை உங்களைக் கவிழ்த்துவிடும்.

'இன்சூரன்ஸ்' என்ற பெயரைப் பார்த்துப் பயிர்க் காப்பீடு மாதிரி நினைக்க வேண்டாம். டீலர் ஏஸ் காட்டும்போது, அவருக்கு அடுத்தது 10 மதிப்புச் சீட்டு என்று 50 ரூபாய் கட்டினால், ஜெயித்தால் 100 கிடைக்கும். 13-ல் 4 முறைதான் அது வரும். ஆக 400 வரும், மற்ற 9 முறையில் 450 போகும்.

ஏஸும் 10-ம் சேர்ந்து முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் அது பிளாக்ஜாக். 100 ரூபாய்க்கு 150 தருவது பழைய வழக்கம். '6:5', அதாவது 5 ரூபாய்க்கு 6 என்று போட்டிருந்தால் 120தான். அந்த 30 ரூபாயைப் பலர் கவனிப்பதே இல்லை.

நல்ல விதிகளுள்ள மேசையில், ஒரு தவறும் செய்யாமல் ஆடினால்கூட 100 ரூபாய்க்குச் சராசரியாக 50 காசு அளவுக்கு நடத்துபவருக்குச் சேரும். சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஆனால் போனில் ஆட்டம் படுவேகம். மணிக்கு 200 ஆட்டம், ஆட்டத்துக்கு 100 என்றால் 20,000 ரூபாய் பந்தயத்தில் புரள்கிறது. 100 ரூபாய் சராசரி நஷ்டம், அதுவும் தவறே செய்யாதவருக்கு. மனம்போன போக்கில் ஆடுபவருக்கு இன்னும் கூடும். ஏற்கெனவே வந்துபோன சீட்டுகளை எண்ணி வைத்து ஜெயிக்கலாம் என்று சொல்வதும், கணினி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகக் கலைக்கும் இடத்தில் எடுபடாது.

அப்புறம் சட்டம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அவற்றுக்குப் பணம் அனுப்ப உதவுவதையும் அது தடுக்கிறது.

ஏற்கெனவே பணம் போட்டு ஏமாந்திருந்தால் கூச்சப்படாமல் கடைக்கு வாருங்கள். சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு நாங்களே உடனிருந்து போன் போட்டுத் தருகிறோம், கட்டணம் கிடையாது. ரீசார்ஜ், மின்கட்டணம், பயிர்க் காப்பீட்டுப் பதிவு எல்லாம் வழக்கம்போல உண்டு.

அன்புடன்,
உங்கள் ரீசார்ஜ் கடையினர், மன்னார்குடி