கோட்டின் மேல் எழுதிய விடை

உயிர்வேதியியல் வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். ‘நொதித் தடைக்கும் அல்லோஸ்டீரிக் ஒழுங்குமுறைக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக’ என்று ஆண்டு தவறாமல் கேட்கிறீர்கள். சென்ற முறை நான் திருத்திய விடைத்தாள் கட்டில் ஒரு மாணவி, தாளின் நடுவே கோடு கிழித்துவிட்டு, ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தை எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல் அந்தக் கோட்டின் மேலேயே எழுதியிருந்தார். விடைக்குறிப்பின்படி அது தவறு. என்னைக் கேட்டால், அந்தக் கட்டிலேயே விஷயம் புரிந்தவர் அவர்தான்.

ஐசோலூசின் உருவாகும் வரிசையில் முதலில் நிற்பது திரியோனின் டிஅமினேஸ் என்ற நொதி. ஐசோலூசின் போதுமான அளவு சேர்ந்ததும் அதுவே திரும்பிவந்து அந்த நொதியை அடக்குகிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் 1956இல் ஆய்வாளர் அம்பார்கர் காட்டியது இது. தடைதானே? ஆம். ஆனால் ஐசோலூசின், நொதி வேலை செய்யும் இடமான செயல்தளத்தில் உட்காருவதில்லை. வேறோர் இடத்தில் பிணைந்து நொதியின் வடிவத்தை மாற்றுகிறது. ஆகவே அல்லோஸ்டீரிக்கும்தான்.

தடை என்ற சொல் விளைவைச் சொல்கிறது: வேகம் குறைந்தது. அல்லோஸ்டீரிக் என்பது வழியைச் சொல்கிறது. விளக்கு அணைவதற்கும் சுவிட்சுக்கும் என்ன வேறுபாடு என்று யாராவது கேட்பார்களா? பல்பைக் கழற்றினாலும் விளக்கு அணையும். சுவிட்ச் விளக்கை ஏற்றவும் செய்யும்.

பல்பைக் கழற்றுகிற தடைகளும் உண்டு. மெத்தனால் நஞ்சுக்குக் கொடுக்கும் ஃபோமெபிசோல், ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியின் செயல்தளத்தையே பிடித்துக்கொண்டு மெத்தனாலுக்கு இடம் விடுவதில்லை. ஆஸ்பிரின் இன்னும் முரட்டுத்தனம். சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியில் ஒட்டவைத்த அசிட்டைல் தொகுதியை அங்கேயே விட்டுவிடுகிறது. இவை அல்லோஸ்டீரிக் அல்ல.

சுவிட்சுக்கு எடுத்துக்காட்டு, அஸ்பார்டேட் டிரான்ஸ்கார்பமைலேஸ் என்ற நொதி. செல்லில் இருக்கும் சிறு மூலக்கூறுகளில் சி.டி.பி. அதைத் தணிக்கும், ஏ.டி.பி. முடுக்கும். 1962இல் ஆய்வாளர்கள் கெர்ஹார்ட்டும் பார்டீயும் அந்த நொதியைச் சூடாக்கிப் பார்த்தார்கள்: சி.டி.பி.யின் பிடி விட்டுப்போனது, நொதியோ வேலையைத் தொடர்ந்தது. கட்டுப்படுத்தும் இடமும் வேலை நடக்கும் இடமும் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் வகுப்பில் காட்டியதில்லை.

அட்டவணை கேட்காதீர்கள். பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதிக்கு ஏ.டி.பி. தளப்பொருள், அதாவது அது வினைப்படுத்தும் பொருள்; அளவு மிஞ்சினால் அதுவே தடுப்பானும் ஆகிறது. எப்படி என்று கேளுங்கள். இரண்டு இடங்கள் என்று எழுதுகிறவருக்குப் பாடம் தெரியும்.

அந்த மாணவிக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். மறுமதிப்பீட்டில் என்னிடம் விளக்கம் கேட்டால் இந்த மடலையே இணைப்பேன்.

இப்படிக்கு,
விடைத்தாள் திருத்தும் ஓர் ஆசிரியை